‘புயல் இல்லையாம்’ என்று அனுப்பியவர்களுக்கு

அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மழை என்று வானிலை மையத்தார் சொன்னால் துணியைத் துவைத்துக் காயப்போடுங்கள் என்கிறார் மேடையில் நிற்பவர். அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கிறது. நேற்று இரவு மட்டும் நான்கு பேர் எனக்கு அதை அனுப்பியிருந்தார்கள். நான்காவது ஆள் என் பெரியப்பா மகன், என் அண்ணன். கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் ஆறு. அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து எட்டு நாள்தான் ஆகிறது. புதுச்சேரியில் எங்கள் தெருவில் சுவர்களில் ஈரம் இன்னும் காயவில்லை. தென்பெண்ணைக் கரை ஊர்களில் வீட்டுக்குள் புகுந்த சேற்றை இன்னும் வாரிக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. இதற்குள் சிரிப்பு வந்துவிட்டதா?

ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிச் சுற்றி அதையேதான் சொல்வேன். கணிப்பு மாறினால் அது பொய் ஆகிவிடாது. ‘இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம்’ என்று ஒருவர் சொல்வது, அவருக்கு ஒன்றும் தெரியாததால் அல்ல. எவ்வளவு தெரியும் என்பதை அவர் நேர்மையாகச் சொல்கிறார் என்பதால்.

என்ன நடந்தது என்று வரிசையாகப் பாருங்கள். 2024 நவம்பர் 25, தாழ்வு மண்டலம். மறுநாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 27ஆம் தேதி புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. 29ஆம் தேதி காலையில், புயலாகாமலேயே கரையைக் கடக்கும் என்றார்கள். அன்று பிற்பகல் இரண்டரை மணிக்குப் புயலாகிவிட்டது. 30ஆம் தேதி பிற்பகலில் கடக்கும் என்றது மாலைக்குப் போய், பிறகு இரவுக்குப் போய், கடைசியில் இரவு பத்தரை மணிக்கு மேல் கடந்தது. நான்கைந்து முறை மாற்றிச் சொன்னார்கள் என்று கேலி செய்கிறீர்களே, அது உண்மைதான். ஆனால் மாறியது எது? பெயரும் நேரமும். இடம் மாறவில்லை. புயலாகாது என்று சொன்ன அதே காலை அறிக்கையில், காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரிக்கு அருகே என்றுதான் எழுதியிருந்தது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் 30ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்பதுதான் அதன் பொருள்.

மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அதற்குப் புயல் என்று பெயர். 61 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அந்த ஒரு கிலோமீட்டரில் மழை நின்றுவிடுமா? மேகத்துக்குத் தன் பெயர் என்ன என்று தெரியுமா?

29ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு எங்கள் குடும்பக் குழுவில் அண்ணன் அனுப்பிய செய்தி இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. “புயல் இல்லையாம். வெறும் தாழ்வு மண்டலம்தான். பயப்பட வேண்டாம்.” அவ்வளவுதான். அறிக்கையில் இருந்த பத்து வரியில் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பியிருந்தார். புதுச்சேரிக்கு அருகே என்ற வரி இல்லை. அதிகனமழை என்ற வரியும் இல்லை. பிற்பகலில் அது புயலாக மாறியபோது அதே குழுவில் ஒரு செய்தியும் வரவில்லை. நல்ல சேதியைச் சொன்ன வாய், கெட்ட சேதியைச் சொல்ல வரவில்லை.

அம்மா முந்தின நாளே பை கட்டி வைத்திருந்தாள். ரேஷன் அட்டை, ஓய்வூதியப் புத்தகம், சர்க்கரை மாத்திரை, இரண்டு புடவை, அப்பாவின் பழைய பள்ளி அட்லஸ். மாடி வீட்டில் இருக்கும் தோழியிடம் போய்த் தங்குவதாகப் பேசி வைத்திருந்தாள். அண்ணனின் செய்தியைப் பார்த்ததும் பையைப் பிரித்துவிட்டாள். பிரித்தவள் எல்லாவற்றையும் பீரோவின் கீழ்த்தட்டில் திரும்ப அடுக்கினாள். எனக்குத் தொலைபேசியில் சொன்னாள், “அண்ணன் சொல்லிட்டான்டி, ஒண்ணும் இல்லையாம்.” நானும் சரி என்றேன். ஆமாம், நானும்தான் சரி என்றேன்.

அன்றைக்கும் மறுநாளைக்கும் என்ன பெய்தது என்று உங்களுக்குத் தெரியும். டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர். அதற்கு முன் அங்கே பதிவான பெருமழை 2004 அக்டோபரில் 21 சென்டிமீட்டர். அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 50ஐத் தொட்டது. அதிகாலை மூன்று மணிக்கு அம்மாவின் கட்டில் காலைத் தண்ணீர் தொட்டது. அரிசி டிரம் மிதந்து வந்து கதவில் இடித்த சத்தத்தில்தான் விழித்தாளாம். விடிந்த பிறகு பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். கோயம்புத்தூரில் நான் அணைந்துபோன அவள் கைபேசியை அறுபது முறையாவது அழைத்திருப்பேன்.

இனி, “வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறார்கள், சரியாகச் சொல்ல வேண்டாமா” என்று கேட்பவர்களுக்கு.

புயல் தானாக நடப்பதில்லை. அதைச் சுற்றி மேலே ஓடும் காற்றுதான் அதை இழுத்துச் செல்கிறது. ஃபெஞ்சலுக்கு இரு புறமும் உயரழுத்தப் பகுதிகள் இருந்தன. ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்க, நடுவில் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. கரையைக் கடந்த பிறகும் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. நிலத்தில் ஊருக்கு ஊர் இருப்பது போலக் கடலுக்கு நடுவில் கருவிகள் வைக்க முடியாது. செயற்கைக்கோள் படத்தில் மேகம் எப்படிச் சுருண்டிருக்கிறது என்று பார்த்துத்தான் பெரும்பாலும் அதன் பலத்தை மதிப்பிடுகிறார்கள். காரைக்கால், சென்னை ரேடார்களின் எல்லைக்குள் வந்த பிறகுதான் உள்ளே நடப்பது தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் புயலுக்குள்ளேயே விமானம் ஓட்டிப் போய்க் கருவிகளைப் போட்டு அளக்கிறார்கள். வங்கக் கடலில் நமக்கு அந்த வசதி கிடையாது. இத்தனைக்கு நடுவிலும் ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் இடத்துக்கும் புயல் உண்மையில் வந்து நிற்கும் இடத்துக்கும் சராசரி வித்தியாசம் 70, 80 கிலோமீட்டர்தான். மூன்று நாள் முன்னதாக என்றால் 150 கிலோமீட்டர் அளவில் போகும். இது அவர்கள் மறைக்கும் கணக்கு அல்ல. வெளியிடும் வரைபடத்திலேயே கூம்பு போல விரித்துப் போட்டுக் காட்டுகிறார்கள். 80 கிலோமீட்டர் என்பது புதுச்சேரியிலிருந்து சிதம்பரத்தையும் தாண்டிய தூரம். கூம்பை மறைத்துவிட்டு நடுவில் இருக்கும் கோடு ஒன்றை மட்டும் பார்த்து, ‘நம் ஊர் தப்பித்தது’ என்று யார் சொன்னாலும் அது வானிலை மையத்தின் கணிப்பு இல்லை. அது அவர்களுடைய ஆசை.

அந்தக் கூம்பும் புயலின் மையம் எங்கே போகலாம் என்று மட்டும்தான் சொல்கிறது. மழை அதற்கு வெளியேயும் பெய்யும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. மூழ்கியது சென்னை.

எங்கள் அப்பா இதை 2011லேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்போது கடலூர் முதுநகரில் இருந்தோம். தானே புயல் வந்துகொண்டிருந்தது. டிசம்பர் 29 இரவு, மின்சாரம் போய்விட்டது. டிரான்சிஸ்டரில் வானொலி அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லச் சொல்ல, அட்லஸில் வங்கக் கடல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பென்சிலால் புள்ளி வைத்தார். “புள்ளிகளைக் கோடா இழுத்தா, இது எங்கேப்பா போய் முட்டும்?” என்று கேட்டேன். அவர் கோடு இழுக்கவே இல்லை. உள்ளங்கையை விரித்துக் கரை மேல் வைத்தார். நாகப்பட்டினத்திலிருந்து சென்னை வரை கைக்குள் போய்விட்டது. “இது முழுக்க நம்ம ஊர்தான்” என்றார். அன்று இரவே ஓட்டு வீட்டை விட்டுவிட்டு எதிரில் இருந்த காரை வீட்டுக்குப் போனோம். காலையில் திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை. பண்ருட்டியில் எங்கள் தாத்தா நட்ட பலா வேரோடு சாய்ந்து கிடந்தது, பிஞ்சும் காயுமாக. முந்திரித் தோப்பில் நின்ற மரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

“சும்மா சும்மா எச்சரித்தால் யார் நம்புவார்கள்” என்பது அடுத்த கேள்வி. அக்டோபர் 16ஐச் சொல்கிறீர்கள், தெரிகிறது. சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள், வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினீர்கள், மழை வடக்கே போய்விட்டது. கார் நனையவில்லை. அதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? மீனவர்கள் கேட்டால் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள். கடலுக்குப் போகாதே என்று ஒரு வாரம் நிறுத்தினால் ஒரு வாரம் அடுப்பு எரியாது. அவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. எச்சரிக்கை நாளுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால் நானும் சேர்ந்து கேட்பேன். ஆனால் 2017இல் ஒக்கி வந்தபோது ஏற்கெனவே கடலில் இருந்த குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. திரும்பி வராதவர்களின் வீட்டில் போய்க் கேளுங்கள், வீண் எச்சரிக்கை வேண்டுமா வேண்டாமா என்று.

48 சென்டிமீட்டரை யாரும் சொல்லவில்லையே என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒப்புக்கொள்கிறேன். புயல் இப்படி ஒரே இடத்தில் நின்றுவிடும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. அறிக்கைகளின் மொழியிலும் எனக்குக் குறை உண்டு. ‘மிகக் கனமழை’, ‘அதிகனமழை’ என்று எழுதினால் எழுபது வயது அம்மாவுக்கு எது பெரியது என்று எப்படிப் புரியும்? எத்தனை அடி தண்ணீர் வரலாம், எந்தத் தெரு முழுகலாம் என்று சொல்ல ஆள் வேண்டும். இந்தக் குறையை யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பேன். சிரிப்பதை மட்டும் என்னால் கேட்க முடியாது.

அமெரிக்கா, அமெரிக்கா என்கிறவர்களுக்கு ஒன்று. 2022 செப்டம்பரில் ஃப்ளோரிடாவை நோக்கி ஐயன் புயல் வந்தது. முதலில் எல்லோர் கண்ணும் டாம்பா நகரத்தின் மேல். கோடு அங்கேதான் போயிருந்தது. தெற்கே இருந்த லீ கவுண்டி என்ற மாவட்டத்துக்காரர்களுக்கு வெளியேறும் உத்தரவு 27ஆம் தேதி காலையில்தான் வந்தது. 28ஆம் தேதி பிற்பகல் புயல் அவர்கள் மேலேயே ஏறியது. ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் கடல் ஊருக்குள் வந்தது. அந்த மாநிலத்தில் 140 பேருக்கு மேல் செத்தார்கள், பலர் வயதானவர்கள். விமானமும் பணமும் எல்லாம் இருந்த நாட்டிலும் மக்கள் பார்த்தது நடுக்கோட்டைத்தான். 2018இல் கஜாவுக்கு நாம் செய்ததும் அதுவேதான். முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே என்றார்கள். புயல் தெற்கே திரும்பி வேதாரண்யத்தில் ஏறியது. தென்னையை நம்பி இருந்த டெல்டா ஜனங்கள் இன்று வரை எழுந்திருக்கவில்லை.

“அம்மாவைப் பற்றி இவ்வளவு பேசுகிறாயே, நீ போய் அழைத்து வந்திருக்கலாமே” என்று ஒருவர் கேட்கத்தான் போகிறார். அதை நான் எட்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். 28ஆம் தேதி விடுப்பு கேட்டேன், கிடைத்தது. அண்ணன் செய்தி வந்ததும் விடுப்பை நானே ரத்து செய்தேன். அறிக்கையைத் திறந்து படிக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். படிக்கவில்லை. அப்பாவின் மகளாக இருந்தும் படிக்கவில்லை.

அண்ணா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். நீங்கள் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. சித்தி பயப்படக் கூடாது என்றுதான் அனுப்பினீர்கள். தண்ணீர் வடிந்ததும் முதலில் ஓடி வந்து வீட்டைக் கழுவிக் கொடுத்ததும் நீங்கள்தான். ஆனால் அந்த வீட்டைக் கழுவிய கையால் அந்தக் காணொளியை எப்படி அனுப்பினீர்கள்? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். அந்த மேடைக்காரர் எனக்கு யாரோ. நீங்கள் அப்படியா? கீழ்த்தட்டிலிருந்து அட்லஸை வெளியே எடுத்தபோது நீங்களும்தானே பக்கத்தில் நின்றீர்கள். பக்கமெல்லாம் உப்பி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வங்கக் கடல் பக்கத்தைப் பிரிக்கப் பார்த்தேன், கிழிந்துவிட்டது.

வானிலை மையத்து ரமணன் காலத்திலிருந்தே இந்தக் கேலி இருக்கிறது என்பார்கள். அப்போது பள்ளி விடுமுறைக்காகச் சிரித்தோம், அதில் அன்பு இருந்தது. இதில் இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அறிக்கை எழுதி, ‘நேற்று சொன்னது மாறுகிறது’ என்று கோடிப் பேர் முன்னால் தாங்களே ஒப்புக்கொள்கிறவர்களை முட்டாள் என்கிறோம். ஒரு முறை சொல்லிவிட்டு அப்புறம் வாயே திறக்காத நம்மை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

வங்கக் கடலில் இன்னொரு தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது. இலங்கைக்கும் தமிழகத்துக்கும் பக்கமாக வரலாம் என்கிறார்கள். வலுக்குமா, எங்கே போகும் என்பது இனிமேல்தான் தெரியும். காலையில் அம்மாவை அழைத்தேன். பையைத் திரும்பக் கட்டிக் கட்டில் மேல் வைத்திருக்கிறாளாம். “அண்ணன் என்ன சொல்றான்?” என்று கேட்டாள். கிளம்பி வருகிறேன் என்றேன். இன்று இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.