வெறும் விலை போட்டோ மட்டும் போட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க

ஆன்லைன் குரூப்ல சேந்து நாலு பேர்கிட்ட பேசுனாத்தான் நம்ம தொழில் வெளில தெரியும்னு உங்க கட்டுரைல எழுதிருக்கீங்க, ரொம்ப சரி, ஆனா எப்படி பேசணும்னு இன்னும் கொஞ்சம் சொல்லிருக்கலாம், அதுதாங்க முக்கியம். நாங்க மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடி சேலை விக்கிறோம், துணில முடிச்சு போட்டு சாயம் ஏத்திப் புள்ளி வர வைக்கிற சேலை. மொதல்ல ஒரு ஃபேஸ்புக் சேலை குரூப்ல சேந்த அன்னைக்கே இருபது போட்டோ விலையோட போட்டேன், ரெண்டே நாள்ல அட்மின் என்னை குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க, அவங்க பண்ணது நியாயம்தான்.

அடுத்த குரூப்ல ஒரு மாசம் எதையும் விக்கல. ஒரு அக்கா சுங்குடி ஒரிஜினலா பிரிண்ட்டானு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டாங்க, கையால முடிச்சு போட்டு சாயம் ஏத்துனதுல ஒரு புள்ளி மாதிரி இன்னொன்னு இருக்காது, முடிச்சு அவுத்த எடத்துல துணி லேசா புடைச்சு நிக்கும், பிரிண்ட்ல எல்லாம் ஒரே அளவா தட்டையா இருக்கும்னு வீடியோ எடுத்துப் போட்டேன். மதுரை சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள்ங்கிற அரசு அங்கீகாரம், கிடைச்சதுகூட அங்க நெறைய பேருக்குத் தெரியல. சாயம் போகுமா, எப்படித் துவைக்கணும், எல்லாத்துக்கும் உக்காந்து பதில் சொன்னேன். அப்புறம் அவங்களாவே இன்பாக்ஸ்ல விலை கேக்க ஆரம்பிச்சாங்க.

வாட்ஸ்அப் குரூப்ல 1024 பேர் வரைக்கும் சேக்கலாம்ங்கிறதுக்காக கண்டவங்க நம்பரையும் கேக்காம சேத்துராதீங்க தம்பிகளா, கோவப்பட்டு வெளிய போனவங்க திரும்ப வரமாட்டாங்க. இப்பல்லாம் நான் போடுற போட்டோல முடிச்சு போடுற அம்மாவோட கையும் இருக்கும், அதப் பாத்துட்டுத்தான் பெங்களூர்ல இருந்து ஒருத்தங்க மொத்தமா பத்து சேலை கேட்டாங்க.