200 மணி நேரக் கணக்கு அப்படி இல்லை

"யாரோடும் 200 மணி நேரம் சேர்ந்து இருந்தால் போதும், உயிர் நண்பராகிவிடுவார், அறிவியலே நிரூபித்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி, அதனால்தான் சிக்கல்.

அந்த எண் அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. புது ஊருக்குக் குடிபோன 355 பேரிடம், அங்கே அறிமுகமான ஒருவரோடு எவ்வளவு நேரம் கழித்தீர்கள், எவ்வளவு நெருக்கம் என்று கேட்டார். அப்புறம் 112 கல்லூரி மாணவர்களையும் சில வாரங்கள் கவனித்தார். நெருங்கியவர்கள் பெரும்பாலும் 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். 200 மணி நேரம் இருந்தவர்கள் எல்லோரும் நெருங்கினார்கள் என்று அவர் சொல்லவே இல்லை. பிடித்துப்போனதால்தானே அவ்வளவு நேரம் கழித்திருப்பார்கள்? அதையும் யோசிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், வேலையிடத்தில் சேர்ந்திருந்த நேரம் நெருக்கத்துக்குப் பெரிதாக உதவவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அரட்டை, கேலி, மனம்விட்டுப் பேசுவது, இவற்றுக்குத்தான் பலன்.

என் கதையே சாட்சி. பக்கத்து மேசைக்காரரோடு நான்கு வருடம், தினமும் எட்டு மணி நேரம். அவர் பிள்ளை பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வராந்தாவில் என்னோடு ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து, "நீ பயந்துபோயிருக்க, ஒத்துக்கோ" என்று சொன்னவன் அதுவரை வெறும் கிரிக்கெட் பழக்கம்தான். அவனோடு மணிக்கணக்கைக் கூட்டினால் ஐம்பதுகூடத் தேறாது.