போர்ட்டையும் பார்த்து வாங்குங்கள்

"இனி ஹார்டு டிஸ்க் வாங்குவது வீண், எஸ்எஸ்டி மட்டும் வாங்குங்கள்" என்று கையடக்க சேமிப்பு டிஸ்க்குகள் பற்றிய உங்கள் கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. (ஹார்டு டிஸ்க் சுழலும் தட்டில் சேமிக்கும்; எஸ்எஸ்டி சிப்பில் சேமிக்கும், அதனால் வேகம் அதிகம்.) தருமபுரியில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். முகூர்த்த நாள் என்றால் பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் என்று ஓட்டம்தான். ஒரு கல்யாணத்துக்கே 200 ஜிபி சேர்ந்துவிடும். அத்தனையையும் வருடக்கணக்கில் எஸ்எஸ்டியில் வைத்திருப்பது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு எஸ்எஸ்டி வாங்கும் காசில் அதே கொள்ளளவில் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, இரண்டு இடத்தில் பிரதி வைக்கலாம். எடிட்டிங்குக்கு மட்டும் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி போதும்.

வேகத்துக்கு வருவோம். 2.5 அங்குல டிஸ்க் நொடிக்கு 120 எம்பி அளவில் ஓடினால் 200 ஜிபி நகல் எடுக்க அரை மணி நேரம் ஆகும். அதையே பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் ஒன்றரை மணி நேரம்! பெட்டியின் மேல் நொடிக்கு 1000 எம்பி என்று போட்ட எஸ்எஸ்டியும், உங்கள் லேப்டாப்பில் 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 கிகாபிட், அதாவது எம்பி கணக்கில் 500-க்குள்) போர்ட்தான் இருக்கிறது என்றால் பாதி வேகத்தைக்கூடத் தாண்டாது. அப்புறம் எதற்கு அந்தக் கூடுதல் விலை?

கட்டுரையில் எஸ்எம்ஆர் என்ற ஹார்டு டிஸ்க் பதிவு முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த முறையில் வரும் கையடக்க ஹார்டு டிஸ்க்குகள் பலவற்றில் தகவல் பதியும் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதனால் தொடர்ந்து எழுதும்போது நடுவில் வேகம் படுத்துவிடும். மலிவான எஸ்எஸ்டியும் கேஷ் (முதலில் வேகமாக எழுதிக்கொள்ளும் தற்காலிக இடம்) நிறைந்ததும் அப்படித்தான். அடுத்த கட்டுரையில் 200 ஜிபியை ஒரே மூச்சில் நகல் எடுத்து, கடைசி 50 ஜிபிக்கு என்ன வேகம் வந்தது என்று போடுங்கள்.