பெர்னினா கிழக்கு ஆல்ப்ஸில்தான் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை வினாடி வினாவின் இறுதிச் சுற்றைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாட்கள் பொறுத்திருந்தேன், இனி முடியவில்லை. சுவிட்சர்லாந்து–இத்தாலி எல்லையில் உள்ள பெர்னினா மலைத்தொடர் ஆல்ப்ஸின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பது கேள்வி. கிழக்கு ஆல்ப்ஸைச் சேர்ந்தது என்று ஒரு மாணவி சொன்ன விடை சரி. 'நடு ஆல்ப்ஸ்' என்பதே விடை என்று நடுவர் மேடையில் வைத்து அவளைத் திருத்தியதுதான் தவறு.

ஆல்ப்ஸை மேற்கு, நடு, கிழக்கு என்று மூன்றாகப் பிரிக்கும் முறை இருப்பதை நான் மறுக்கவில்லை. 1926இல் இத்தாலியில் வெளியான பகுப்பு அது. அதன்படி பெர்னினா நடு ஆல்ப்ஸில்தான் வரும். ஆனால், 1984இல் மலையேற்றக் கழகங்கள் கொண்டுவந்த பகுப்பும், 2005இல் இத்தாலிய ஆய்வாளர் செர்ஜியோ மராட்சி முன்வைத்த பகுப்பும் போடென் ஏரி, ரைன் பள்ளத்தாக்கு, ஸ்ப்ளூகன் கணவாய், கோமோ ஏரி என்று தெற்கே இறங்கும் கோட்டைக் கிழக்கு ஆல்ப்ஸின் மேற்கு எல்லையாகக் கொள்கின்றன. பெர்னினா அந்தக் கோட்டுக்குக் கிழக்கே நிற்கிறது. 4,049 மீட்டர் உயரமுள்ள பிட்ஸ் பெர்னினாவைக் கிழக்கு ஆல்ப்ஸின் ஒரே நாலாயிர மீட்டர் மலை என்று மலையேறிகள் கொண்டாடுவது இதனால்தான்.

போட்டியை நடத்தியவர்களே, "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்கிறீர்கள். எந்தப் பகுப்பின்படி என்று கேள்வியில் ஒரு சொல்லாவது இருந்ததா? கிழக்கு ஆல்ப்ஸுக்குள்ளேயே, வடக்கிலும் தெற்கிலும் உள்ள சுண்ணாம்புப் பாறை மலைகளுக்கு இடைப்பட்ட பட்டையையும் 'நடு ஆல்ப்ஸ்' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பொருளில் பெர்னினா ஒரே நேரத்தில் நடுவிலும் கிழக்கிலும் இருக்கிறது. இது தெரிந்தவர் ஒரு குழந்தையின் விடையை அத்தனை வேகமாக வெட்டியிருக்க மாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் பெர்னினா கணவாயைக் கடக்கும் மலை ரயிலில் போனபோது, 2,253 மீட்டர் உயரத்தில் உள்ள ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தில் இறங்கினேன். அங்கே அருகருகே இரண்டு ஏரிகள். கறுத்துக் கிடக்கும் லேய் நாயிரின் நீர் இன் ஆற்றில் சேர்ந்து, டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. பனியாற்று நீரால் பால் கலந்தாற்போல் வெளுத்திருக்கும் லாகோ பியாங்கோவின் நீரோ போ ஆற்றை அடைந்து ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கிறது. இரண்டுக்கும் நடுவே நடந்தே கடந்துவிடும் தூரம்தான். அந்த நீர்ப்பிரிவு இயற்கை போட்ட கோடு. அதில் யாருக்கும் வழக்கில்லை. நடு என்றும் கிழக்கு என்றும் பிரிப்பது மனிதர் போட்ட கோடு. யார் போட்டது என்று சொல்லாமல் கேட்டால், இரண்டு விடைகளையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

நடுவர் தீர்ப்பே இறுதி என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு பேச்சா என்பவர்களுக்கு உண்டு: நீங்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்திருந்தும் அவள் மணியை அழுத்தவில்லை. வாசலில் அவளுடைய அம்மா என்னிடம், "தப்பாச் சொல்லிட்டாளா சார்?" என்று கேட்டார். "இல்லைம்மா, சரியாத்தான் சொன்னா" என்றேன். நான் அதைச் சொன்னது செருப்புகள் கிடந்த வாசலில். தவறு என்று அவர்கள் அறிவித்தது ஒலிபெருக்கியில். பரிசளிப்பு விழா இன்னும் நடக்கவில்லை. அதே ஒலிபெருக்கியில் திருத்தத்தையும் அறிவியுங்கள்.