ஹியூமன் டெவலப்மென்ட் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இன்பாக்ஸில் தவறாமல் வரும் கேள்வி: "அக்கா, மனையியலில் ஹியூமன் டெவலப்மென்ட், ஃபேமிலி ஸ்டடீஸ் கிடைக்குது, சேரலாமா?" பிறப்பு முதல் முதுமை வரை மனிதர் வளரும் விதத்தையும் குடும்பத்தையும் பற்றிய படிப்பு இது. தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். இதைப் படித்து, இந்தப் படிப்பு போடும் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். பாசமும் கோபமும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பின் கிரேடு, தரவரிசை எல்லாம் கல்லூரி முழுமைக்குமானவை. இந்த ஒரு துறை எப்படி நடக்கிறது என்பதை அவை சொல்லாது. நான் முதலில் கேட்பது, துறைக்கென்று சொந்தமாக ஒரு மழலையர் பள்ளி இருக்கிறதா என்பதைத்தான். வேதியியலுக்கு ஆய்வகம் எப்படியோ, இதற்கு அது அப்படி. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் இதே பெயரில் உள்ள துறைக்கு ‘சேதன் பால்வாடி’ இருக்கிறது. (சமையல் கிளாஸ்தானே என்று சிரிக்கும் மாமாக்களுக்கு: 1949இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஹன்சா மேத்தா. ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கிய ஆணையத்தில் இந்தியாவுக்காக உட்கார்ந்தவர்.)

பள்ளி இருந்தால் என்ன நடக்கும்? அங்கே குழந்தைகளைக் கவனித்து எழுதும் அப்சர்வேஷன் ரெகார்டில் "குழந்தை கோபமாக இருந்தான்" என்று எழுதினால் சிவப்பு மையில் அடி விழும். கோபத்தை நீ எங்கே பார்த்தாய்? கட்டையைத் தள்ளிவிட்டான், மூலைக்குப் போனான், கூப்பிட்டும் திரும்பவில்லை. கண்ணில் பட்டதை மட்டும் எழுது என்பார்கள். கேட்க எளிது, கைவரச் சில மாதங்கள் ஆகும். அதேபோல, குழந்தைகளின் சிந்தனை வளர்வதை ஆராய்ந்த பியாஜே. ஒரே அளவு தண்ணீரை ஒல்லியான உயரக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் நாலு வயதுக் குழந்தை "இதுலதான் நிறைய" என்று சாதிக்கும். நம் கையால் ஊற்றி, அந்தக் குழந்தை அடித்துச் சொல்வதைக் கேட்டவளுக்கு அந்தப் பாடம் மறக்காது. பள்ளி இல்லாத இடத்தில் அது ஐந்து மார்க் கேள்வி.

அடுத்தது, பாடத்திட்டத்தில் இருக்கும் குடும்பம் யாருடைய குடும்பம்? 1957இல் அமெரிக்க ஆய்வாளர் ஈவ்லின் டுவால் குடும்ப வாழ்க்கைக்கு வகுத்த எட்டுக் கட்டங்களை இன்றும் பல இடங்களில் அப்படியே ஒப்பிக்கிறார்கள். கல்யாணம், குழந்தை, பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவது, ஓய்வு. கணவர் துபாயில், மனைவி திருப்பூரில் பனியன் கம்பெனியில், பிள்ளை பாட்டியிடம் என்று இருக்கும் வீடு இதில் எந்தக் கட்டம்? பள்ளியை விட்டு நேரே வேலைக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்கள் இருக்கும் நாட்டில், வளரிளம் பருவம் என்று தனியே ஒன்று எல்லோருக்கும் உண்டா என்று பரோடாவில் பேராசிரியராக இருந்த டி.எஸ். சரஸ்வதி 1999இலேயே கேட்டுவிட்டார். அவர் பெயர் வாசிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சிலபஸைத் தூசு தட்டியே பல காலம் ஆகியிருக்கும்.

இனி கோபம். "முடித்ததும் குழந்தைகள் மனநல நிபுணர் ஆகலாம்" என்று அட்மிஷன் மேசையில் சொல்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள். அது உண்மையில்லை. மருத்துவ உளவியலாளராகவோ சிறப்புக் கல்வியாளராகவோ பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கான படிப்பே வேறு. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு. சேர்க்கும்போது இதை யாராவது சொல்கிறார்களா?

ஆனால் இன்னொரு சட்டத்தில், இளைஞர் நீதிச் சட்டத்தில், நமக்கும் இடம் இருக்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் விஷயத்தில் முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு உறுப்பினருக்கான தகுதிகளில், அந்தச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, மனித மேம்பாட்டுப் (ஹியூமன் டெவலப்மென்ட்) பட்டம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. குழந்தைகளுக்கான பணியில் ஏழு ஆண்டு அனுபவமோ, துறையில் தொழில் செய்பவர் என்ற தகுதியோ உடன் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே சட்டத்தின்கீழ் சிறார் குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கான பட்டங்களில் நம் பெயர் இல்லை.

வேலை என்று பார்த்தால் மழலையர் பள்ளி, தொண்டு நிறுவனம், குழந்தைப் பாதுகாப்புத் திட்டங்கள், ‘நெட்’ தகுதித் தேர்வு எழுதி விரிவுரையாளர். தொடக்கச் சம்பளம் பெருமைப்படும்படி இருக்காது. இதற்கெல்லாம் களப்பணிதான் கை கொடுக்கும். 1975 முதல் நடக்கும் அங்கன்வாடித் திட்டத்தைவிடப் பெரிய களம் நமக்கு இல்லை. பஸ்ஸில் கூட்டிப்போய், பேனர் பிடித்து போட்டோ எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவது களப்பணி அல்ல. வாரக்கணக்கில் ஒரே மையத்துக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள்.

பள்ளியும் களப்பணியும் இருந்தால் தைரியமாகச் சேரலாம். இரண்டும் இல்லையென்றால் என் ஓட்டு உளவியலுக்கோ சமூகப்பணிக்கோதான். பெரும்பாலும் பெண்கள் கல்லூரிகளிலேயே இது இருப்பதால் பையன்களுக்குக் கதவு குறுகல், அது தனிப் புலம்பல். சேருமுன் ஒரு வேலைநாளில் போய், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அப்சர்வேஷன் ரெகார்டை வாங்கிப் புரட்டுங்கள். எல்லார் ரெகார்டிலும் ஒரே குழந்தை, ஒரே வாக்கியம் என்றால் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் போய்விடுங்கள்.