இரைப்பை ஏன் தன்னையே செரித்துக்கொள்வதில்லை?

பள்ளியில் செரிமானத்தை ஓர் அட்டவணையாகத்தான் படித்தேன். சுரப்பி, நொதி, எதைச் சிதைக்கும், என்ன கிடைக்கும் என்று நான்கு கட்டங்கள். அமிலேஸ் மாவுச்சத்தை மால்டோஸ் ஆக்கும், பெப்சின் புரதத்தைத் துண்டாக்கும், லிப்பேஸ் கொழுப்பைப் பிரிக்கும். மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கினேன். இறைச்சியைக் கரைக்கும் இரைப்பையும் தசைதானே, அது மட்டும் ஏன் கரைவதில்லை என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து என் அண்ணனுக்குக் கணைய அழற்சி, அதாவது சிறுகுடலுக்குச் செரிமான நீரை அனுப்பும் கணையம் என்ற சுரப்பியில் வீக்கம், வந்தது. "கணையம் தன்னையே செரித்துக்கொண்டிருக்கிறது" என்றார் மருத்துவர். எனக்குப் புரிவதற்காக உவமை சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை என்று தெரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1772இலேயே ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் இதைத் தொட்டிருக்கிறார். இறந்த சிலரின் இரைப்பைச் சுவர் கரைந்திருந்ததைப் பார்த்து, அது நோயின் வேலை அல்ல, அவர்களுடைய செரிமான நீரின் வேலை என்று எழுதினார். அப்படியென்றால் உயிரோடு இருக்கும்வரை நம்மைக் காப்பது எது?

பெரும்பகுதி விடை, பூட்டு. இரைப்பைச் செல்கள் பெப்சினைச் சுரப்பதில்லை. பெப்சினோஜன் என்ற செயலற்ற வடிவத்தைத்தான் சுரக்கின்றன. வெளியே வந்து அமிலம் பட்டதும் அது தன் மூடியைத் தானே வெட்டி எறிந்து பெப்சினாகிறது. சுவரைச் சளிப்படலம் காக்கிறது. அப்படியும் சேதமாகும் மேற்பரப்புச் செல்களுக்குப் பதிலாகச் சில நாள்களிலேயே புதியவை வந்துவிடுகின்றன. கணையம் இன்னும் எச்சரிக்கையானது. அது அனுப்பும் டிரிப்சினோஜன், புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற நொதியின் பூட்டிய வடிவம். அதைத் திறக்கும் சாவி கணையத்தில் கிடையாது; சிறுகுடல் சுவரில் என்டரோகைனேஸ் என்ற நொதியாக இருக்கிறது. அங்கே திறக்கப்பட்ட டிரிப்சின்தான் மற்றப் பூட்டுகளைத் திறக்கிறது. தவறிப்போய்க் கணையத்துக்குள்ளேயே கொஞ்சம் டிரிப்சின் உருவானால் அதை அடக்க ஒரு தடுப்புப் புரதமும் கூடவே இருக்கிறது. இத்தனை காவலும் உடைந்ததுதான் என் அண்ணனுக்கு வந்த நோய்.

என்னை மிகவும் அசைத்தது அமிலேஸ். அதற்குப் பூட்டே இல்லை! ஏனென்றால் நம் செல்கள் மாவுச்சத்தால் ஆனவை அல்ல; அமிலேஸ் கடிக்க அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. புரதத்தை வெட்டும் நொதிகளுக்குப் பூட்டு உண்டு. செல் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளைச் சிதைக்கும் நொதிக்கும் உண்டு. லிப்பேஸ் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காமல் திறந்தபடியே வருகிறது. கணைய அழற்சி முற்றும்போது சுற்றியுள்ள கொழுப்புத் திசுவும் அழிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதில் எதையும் பள்ளி மாணவரால் புரிந்துகொள்ள முடியாது என்று நான் நம்பவில்லை. பத்து நொதிகளின் பெயரை நினைவில் வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு பூட்டையும் சாவியையும் புரிந்துகொள்ளத் தெரியும். பாடநூல் எழுதுகிறவர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போடுங்கள். "பூட்டோடு சுரக்கிறதா, பூட்டில்லாமலா?" என்று தலைப்பிடுங்கள். அமிலேஸுக்கு நேரே "பூட்டில்லை" என்று மட்டும் எழுதிவிட்டு, காரணத்தை மாணவர்களிடம் கேளுங்கள்.