2019 ரேவன்ஸ் வெறும் ஓட்டத்தில் ஜெயித்த அணியா?

அமெரிக்க கால்பந்து லீகான என்எஃப்எல்லில் ஆடும் பால்டிமோர் ரேவன்ஸ் அணியைப் பற்றி, "நல்ல ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்) இல்லாததால் 2019 ரேவன்ஸ் பாஸையே கைவிட்டு ஓடியே ஜெயித்தது" என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. பந்தோடு ஓடியே 3,296 யார்டு எடுத்தார்கள், அது ஒரு சீசனுக்கான என்எஃப்எல் சாதனை. ஆனால் அந்த சீசனில் லீகிலேயே அதிக டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி தரும் வீச்சு) வீசியவரும் ரேவன்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) லமார் ஜாக்சன்தான்: 36. வைட் ரிசீவர் (ஓரத்தில் நின்று ஓடிப் பந்தைப் பிடிப்பவர்) ஒருவர்கூட 600 யார்டைத் தொடவில்லை, அது உண்மை. அதனால்தான் தாக்குதல் பயிற்சியாளர் கிரெக் ரோமன் மூன்று டைட் எண்டுகளை (எதிரிகளைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்கள்) நம்பினார். ஜாக்சன் பந்தைக் கொடுப்பதுபோல் ரன்னிங் பேக்கின் (பந்தோடு ஓடுபவர்) வயிற்றருகே நீட்டுவார். எதிரணித் தடுப்பாளரான லைன்பேக்கர் ஏமாந்து இரண்டடி முன்னே வருவார். அவர் விட்ட இடத்தில் டைட் எண்டு மார்க் ஆண்ட்ரூஸ் நிற்பார். ஆண்ட்ரூஸ் மட்டும் 852 யார்டு! பின்தங்கினால் திணறும் வித்தைதான், ஒப்புக்கொள்கிறேன். பிளேஆஃபில் (நாக்அவுட் சுற்று) டென்னசி டைட்டன்ஸிடம் 59 பாஸ் வீசியும் 28-12 என்று தோற்றார்கள்.